டெக்சஸ் லாங்ஹார்ன்ஸ் டிஃபென்ஸ் 2025: இளசுங்கள்ல யாரு தேறுவாங்க?

பர்ன்ட்ஆரஞ்சு_பாலா | 19 ஜூலை 2025

நம்ம டெக்சஸ் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பத்தின போன சீசன் இழை பாதியிலேயே குவார்ட்டர்பேக் (பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்துறவன்) சண்டையா மாறி நாறிப்போச்சு. இந்த இழைக்கு ஒரே விதி: நம்ம குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் பேரை எடுக்கக் கூடாது. டிஃபென்ஸ், அதாவது எதிராளியைத் தடுக்கிற பக்கம் மட்டும்தான்.

யாரெல்லாம் போயாச்சு? ஜாடே பாரன், டிராஃப்ட்ல (என்எஃப்எல்ங்கிற தொழில்முறை லீக் கல்லூரி ஆட்களை வரிசையா எடுக்கறது) 20வது ஆளா டென்வருக்குப் போனான். ஆல்ஃபிரட் காலின்ஸ், வெர்னன் பிராட்டன், ஆண்ட்ரூ முக்கூபா, பேரின் சொரெல் எல்லாரும் என்எஃப்எல். நடுவுல நின்ன ரெண்டு மலையும் (காலின்ஸ், பிராட்டன்) ஒரே நேரத்துல காலி.

யாரு இருக்காங்க? ஆன்டனி ஹில், காலின் சிம்மன்ஸ், மைக்கேல் டாஃபி, மலிக் முகமது, ஜெலானி மெக்டானல்ட், லியோனா லெஃபாவ். அப்புறம் புதுசா வந்த பையன்கள்.

எல்லாரும் சிம்மன்ஸைப் பத்தியே பேசுறீங்க. நியாயம்தான். முதல் வருஷத்துலேயே 9 சாக் (பாஸ் போடறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கைப் பிடிச்சுச் சாய்க்கறது), நாட்டுலயே சிறந்த ஃப்ரெஷ்மன், அதாவது முதல் வருஷ ஆளுன்னு ஷான் அலெக்சாண்டர் விருது. அதுவும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து. ஆனா முதல் வருஷ எண்ணிக்கையை வெச்சு டிஃபென்ஸ் ஆளை எடை போடறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன்னு சொல்றேன்.

2021 நவம்பர் 13 ராத்திரி ஸ்டேடியத்துல இருந்தவங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா? கன்சஸ்கிட்ட 57-56, ஓவர்டைம்ல தோத்தோம். 2008க்கு அப்புறம் பிக் 12 லீக்ல வெளியூர்ல ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத கன்சஸ். நம்ம சொந்த மண்ணுல. அந்த சீசன் 5 வெற்றி, 7 தோல்வின்னு 5-7ல முடிஞ்சுது. டிஃபென்ஸ் கோச் க்வியட்கௌஸ்கியைத் தூக்குன்னு இந்த ஃபோரமே கத்துச்சு. அவர் வந்து முதல் வருஷம் அது.

அன்னைக்கு அந்த அணியில இருந்தவங்க பேரைப் பாருங்க: டிவான்ட்ரே ஸ்வெட், பைரன் மர்ஃபி, காலின்ஸ், பிராட்டன், பாரன். ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்வெட் அவுட்லாண்ட் விருது (நாட்டுலயே சிறந்த முன்வரிசை ஆளு) வாங்கினான். மர்ஃபி முதல் ரவுண்டுல 16வது ஆளா சியாட்டிலுக்குப் போனான். மூணு வருஷம் கழிச்சு பாரன் ஜிம் தார்ப் விருது, அதாவது நாட்டுலயே சிறந்த டிஃபென்சிவ் பேக் (பாஸைத் தடுக்கிற பின்வரிசை ஆளு). 57 பாயின்ட் விட்ட அதே கூட்டம்தான். அந்த ராத்திரி இவங்கள்ல யாராச்சும் ஜொலிப்பாங்கன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம்.

அதனால என் கட்சி இதுதான்: டிஃபென்ஸ்ல தேறுறவனைக் கண்டுபிடிக்க ஹைலைட் வீடியோ உதவாது. அவன் ஒண்ணுமே செய்யாத மாதிரி தெரியுற ஆட்டங்களைப் பாக்கணும்.

---

ஏஜி_செல்வம் | 19 ஜூலை 2025

அண்ணே, எதிரி வீட்டுக்குள்ள நுழைஞ்சதுக்கு மன்னிக்கணும். ஆனா இந்தத் தலைப்புல எங்க டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை விட்டா உதாரணத்துக்கு வேற ஆளு ஏது?

2022ல நாங்க எடுத்த ஃப்ரெஷ்மன் கூட்டம், ரெக்ரூட்டிங் தளங்கள் (பள்ளிக்கூட ஆட்டக்காரங்களுக்கு நட்சத்திரம் போடறவங்க) அதுவரைக்கும் மதிப்பெண் போட்டதுலேயே உச்சம். டிஃபென்சிவ் லைன்ல (முன்வரிசை) மட்டும் வால்டர் நோலன், ஷெமார் ஸ்டூவர்ட், எல்டி ஓவர்டன். எல்லாம் அஞ்சு நட்சத்திரம். அந்த வருஷ முடிவு? 5-7. உங்க 2021 மாதிரியே. அடுத்த வருஷம் நவம்பர்ல கோச் ஜிம்போ ஃபிஷரை 7.5 கோடி டாலருக்கு மேல கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். நோலன் ஓல் மிஸ்ஸுக்கு, ஓவர்டன் அலபாமாவுக்கு.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. ஷெமார் எங்ககிட்டயே இருந்தான். மூணு வருஷத்துல மொத்தம் 4.5 சாக். வருஷத்துக்கு ஒன்றரை. நான் அவனைத் திட்டாத சனிக்கிழமை கிடையாது. இந்த ஏப்ரல்ல டிராஃப்ட்ல நோலன் 16வது, ஷெமார் 17வது. அடுத்தடுத்து!

அப்போ பாலா அண்ணே சொல்ற மாதிரி எண்ணிக்கை பொய்யா, இல்ல என்எஃப்எல்காரன் உடம்பைப் பாத்து மட்டும் எடுக்குறானா?

---

ரவுண்ட்ராக்_மீனா | 20 ஜூலை 2025

ரெண்டும்தான் செல்வம். ஷெமார் எதிராளியோட முன்வரிசைத் தடுப்பாளனைப் பின்னாடி தள்ளி குவார்ட்டர்பேக்கை நகர வெச்சுடுவான், சாக் வேற யாருக்கோ போகும். அவனைத் தொடர்ந்து பாத்தா இது தெரியும். ஆனா கடைசி அடி எடுத்து வெச்சு ஆளைப் பிடிக்கறதும் ஒரு திறமைதானே? அது அவன்கிட்ட இன்னும் வரலை.

---

கொலம்பஸ்காரன் | 20 ஜூலை 2025

சனவரி 10 ஞாபகம் இருக்கா மக்களே? காட்டன் பௌல், எங்க ஒஹாயோ ஸ்டேட் உங்களை 28-14ன்னு ஜெயிச்சது. சும்மா கேட்டேன். 😄

பாலா சார் தியரிக்கு ஒரே ஒரு பேர்: கேலப் டௌன்ஸ். 2023ல அலபாமாவுல ஃப்ரெஷ்மன். 107 டேக்கிள் (பந்தோட வர்றவனைப் பிடிச்சு விழ வைக்கறது), அணியிலேயே முதலிடம். அலபாமா வரலாத்துல எந்த ஃப்ரெஷ்மனும் அதுக்கு முன்னாடி அப்படி முதலிடம் வந்ததில்லை. அங்க கோச் நிக் சேபன் ஓய்வு அறிவிச்சதும் எங்ககிட்ட வந்தான், அடுத்த சனவரியில கோப்பை. மூணு வருஷம் காத்திருங்கன்னு டௌன்ஸ்கிட்ட யாரும் சொல்லலையே?

---

பர்ன்ட்ஆரஞ்சு_பாலா | 20 ஜூலை 2025

@கொலம்பஸ்காரன் டௌன்ஸ் விதிவிலக்குன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். இடத்துக்கு இடம் கணக்கு வேற.

எட்ஜ்ல, அதாவது முன்வரிசை ஓரத்துலேருந்து ஓடி வர்றவனுக்கு முதல் வருஷத்துல வேலை சுருக்கம். மூணாவது டவுன் (நாலு முயற்சியில பத்து யார்டு போகணும், அதுல மூணாவது), எட்டு யார்டு வேணும், எதிராளி கண்டிப்பா பாஸ்தான் போடுவான். அப்ப உள்ளே விட்டு "போய்ப் பிடி"ன்னா போதும். வேகம் பிறவியிலேயே இருக்கு. சிம்மன்ஸுக்குப் போன வருஷம் நடந்தது பெரும்பாலும் இதுதான். பாஸ் பிடிக்க ஓடுறவனை ஓரத்துல ஒட்டிக்கிட்டே ஓடுற கார்னரும் ஓரளவுக்கு அப்படித்தான், கால் வேகமும் துணிச்சலும் இருந்தா பொழைச்சுக்குவான்.

முன்வரிசை நடுவுல நிக்கிற டேக்கிள்ங்கிற ஆளுக்கு அந்த வசதி இல்லை. 18 வயசுப் பையன் முன்னாடி 22, 23 வயசு கார்ட் (எதிராளி முன்வரிசைத் தடுப்பாளன்) ரெண்டு பேர் சேர்ந்து வந்து இடிப்பாங்க. ஆளுக்கு 320 பவுண்டு. அவன் பிடிக்க வேணாம், நகராம நின்னாலே ஜெயிச்ச மாதிரி. அந்த பலம் எடைத்தட்டு தூக்கி, சாப்பிட்டு, ரெண்டு மூணு குளிர்காலம் தாண்டினாத்தான் வரும். காலின்ஸ், பிராட்டன் ரெண்டு பேருமே 2020ல வந்தவங்க. ஊரே அவங்க பேரைச் சொன்னது 2024ல.

லைன்பேக்கருக்கு (முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவன்) உடம்பை விடக் கண்ணுதான் பிரச்சனை. ஒரே ஃபார்மேஷன்ல (நிக்கிற அமைப்பு) ஓட்டமும் வரும், பாஸும் வரும். ஆர்பிஓ (ஓட்டமா, பாஸான்னு கடைசி நேரத்துல முடிவெடுக்கிற ஆட்டம்) வந்த பிறகு குவார்ட்டர்பேக் அவனைப் பாத்துத்தான் முடிவே எடுக்குறான். நீ முன்னாடி வந்தா பின்னாடி போடுவான், பின்னாடி போனா கையில கொடுத்து ஓட விடுவான். கடைசி வரிசையில நிக்கிற சேஃப்டிக்கும் இதே தலைவலிதான். டௌன்ஸ் அதை முதல் வருஷமே படிச்சுட்டான், அதான் அவன் பெரிய ஆளு. அவன் வேகத்தைப் பத்தியா எல்லாரும் பேசுறாங்க?

---

புதுசு_கிண்டி2025 | 21 ஜூலை 2025

வணக்கம் அண்ணாக்களே, அக்காக்களே. ஆகஸ்ட்ல யூடில (டெக்சஸ் பல்கலைக்கழகம்) மாஸ்டர்ஸ் சேர வர்றேன். இதுவரைக்கும் இந்த ஆட்டத்தை முழுசாப் பாத்ததில்லை. பால் எங்க இருக்குன்னே தெரியல, எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க. டிஃபென்ஸ்ல எதைப் பாக்கணும்? ஸ்டூடன்ட் டிக்கெட் எடுக்கலாமா?

---

ரவுண்ட்ராக்_மீனா | 21 ஜூலை 2025

வாப்பா தம்பி. பிக் டிக்கெட்ங்கிற அந்த ஸ்டூடன்ட் டிக்கெட்டை எடுத்துடு, யோசிக்காதே. செப்டம்பர் மத்தியான ஆட்டம்னா தொப்பி, ரெண்டு பாட்டில் தண்ணி. சென்னை வெயில் பாத்தவன்னு தெனாவட்டா வந்து மூணாவது குவார்ட்டர்ல மயங்கி விழுந்தவங்களை எனக்குத் தெரியும்.

பாலைப் பாக்காதே. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற லைன்பேக்கரைப் பாரு. கையை ஆட்டி, முன்வரிசைக்காரன் இடுப்புல தட்டி நகர்த்துவான், திரும்பி சேஃப்டிக்கு ரெண்டு விரல் காட்டுவான். 2024லேருந்து ஹெல்மெட்டுக்குள்ள கோச் குரல் கேக்க அனுமதி இருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரே ஆளுக்குத்தான், அதுவும் பிளே கிளாக் (அடுத்த ஆட்டத்தைத் தொடங்கறதுக்கான கடிகாரம்) 15 வினாடிக்கு வந்ததும் கட். அதுக்கப்புறம் எதிராளி ஆட்களை மாத்தி நிறுத்தினா களத்துல இருக்கறவனேதான் சமாளிக்கணும். அந்த 15 வினாடியில யாரு பதறுறான், யாரு பதறலைன்னு மேல உக்காந்து பாத்தா பளிச்சுனு தெரியும். ஹில் 2023ல ஃப்ரெஷ்மனா இருந்தப்போ இடம் மாறச் சொல்லி மத்தவங்க அவனைக் கூப்பிடுவாங்க. போன வருஷம் அவன் மத்தவங்களைக் கூப்பிட்டான். 113 டேக்கிள், 8 சாக்கெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

---

பர்ன்ட்ஆரஞ்சு_பாலா | 21 ஜூலை 2025

மீனாக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோ தம்பி. கபடி பாத்திருப்பே. ரெய்டர் உள்ளே வந்ததும் சங்கிலியில ஒருத்தன் மட்டும் ஆசைப்பட்டு முன்னாடி பாஞ்சா என்ன ஆகும்? அவன் விட்ட சந்துலதான் ரெய்டர் வெளியே போவான். இங்கயும் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சந்து. உன் சந்தை அடைச்சுட்டு நின்னா உன் பேரு டிவியில வராது. விட்டுட்டுப் பாஞ்சா ஒண்ணு சாக், இல்லேன்னா 40 யார்டு போயிடும்.

---

டாலஸ்_துரை | 23 ஜூலை 2025

தாமதமா வர்றேன். எங்க வீட்டுப் பெரியவன் பள்ளிக்கூட பேண்ட்ல ட்ரம்பெட் வாசிக்கிறான். அவனைக் கூட்டிட்டுப் போகவே நான் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டமெல்லாம் பாக்க ஆரம்பிச்சேன். இப்ப அவன் வரலைன்னாலும் நான் போறேன்.

இந்தப் பையன்கள் நேத்து முளைச்சவங்க இல்ல. சிம்மன்ஸ் டங்கன்வில்ல 2022, 2023 ரெண்டு வருஷமும் மாநில சாம்பியன். மலிக் முகமது சௌத் ஓக் கிளிஃப். அந்தப் பள்ளி 2021ல ஜெயிச்சப்போ டாலஸ் மாநகரப் பள்ளிகள்ல அறுபது வருஷத்துக்கு மேல யாரும் கோப்பை தூக்கினதில்லை, அடுத்த வருஷம் மறுபடியும் தூக்கினாங்க. ஹில் டென்டன் ரையன். செல்வம் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும், அவன் முதல்ல வாக்குக் கொடுத்தது ஏ அண்ட் எம்முக்குத்தான்.

ஆனா பாலா, காத்திருக்கணும்னு சொல்றீங்களே, இப்ப யாரு காத்திருக்க விடுறா? வேற கல்லூரிக்கு மாறிக்கிற போர்ட்டல் இருக்கு. இந்த 2025 ஜூலையிலேருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு 2.05 கோடி டாலர் வரைக்கும். பெஞ்சுல உக்காந்திருக்கிற ரெண்டாம் வருஷ டேக்கிளுக்கு வேற ஊர்லேருந்து போன் வந்தா அவன் ஏன் இருக்கணும்? காலின்ஸ் மாதிரி அஞ்சு வருஷம் ஒரே இடத்துல உக்காந்து பழுத்தவன் இனிமே கிடைப்பானா? நம்ம ஆளுங்களே இந்த வருஷம் நடு இடத்துக்கு யாரை வெச்சிருக்காங்க பாருங்க: ஹீரோ கானு ஒஹாயோ ஸ்டேட்லேருந்து, டிராவிஸ் ஷா நார்த் கரோலைனாவிலேருந்து, கோல் பிரவார்ட் பர்டூலேருந்து, மராட் வாட்சன் சிரக்யூஸ்லேருந்து. வளத்தெடுத்ததா, வாங்கினதா?

---

ஏஜி_செல்வம் | 23 ஜூலை 2025

ஹில் பேச்சை எடுக்காதீங்க துரை. ஆறாத புண்ணு.

---

பர்ன்ட்ஆரஞ்சு_பாலா | 23 ஜூலை 2025

துரை சொல்றதுல பாதிக்கு என்கிட்ட பதில் இல்ல. நடு இடத்துக்கு ஆள் வாங்கித்தான் ஆகணும், இருந்த ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போனா வேற வழி? ஆனா டாஃபியைப் பாருங்க. ஆஸ்டின் வெஸ்ட்லேக் பையன். ஸ்காலர்ஷிப்கூட இல்லாம வாக்-ஆனா வந்து சேஃப்டியில நின்னவன். முக்கூபா மாதிரி கிளெம்சன்லேருந்து ஒருத்தன் வந்து 5 இன்டர்செப்ஷன் (எதிராளி பாஸைப் பறிக்கறது) எடுத்துட்டு ஒரே வருஷத்துல கிளம்பலாம். பின்வரிசையை வருஷா வருஷம் கட்டிக் காக்கறது டாஃபி மாதிரி ஆளுதான். மெக்டானல்ட் அவன் பக்கத்துல நின்னு ரெண்டு வருஷமாக் கத்துக்கறான். என்னைக் கேட்டா இந்த வருஷம் சிம்மன்ஸை விட மெக்டானல்டைத்தான் பாக்கணும்.

---

ஸ்கார்பரோ_குமரன் | 24 ஜூலை 2025

நான் இங்க கனடாவில சிஎஃப்எல் (கனடா ஃபுட்பால் லீக்) பாக்கிற ஆள். எங்களுக்கு மூண்டு டவுன்தான், பன்னிரண்டு பேர். உங்கட ஆட்டத்தில நாலு டவுன் குடுத்தும் டிஃபென்ஸ் மறிக்குது எண்டா பெரிய விசயம்தான். அந்தக் காட்டன் பௌலில ஹாஃப் டைமுக்கு முன்னம் நடந்தது என்ன எண்டு ஆராவது விளங்கப்படுத்துங்கோ. அதுவரைக்கும் நல்லாத்தானே மறிச்சவை?

---

ரவுண்ட்ராக்_மீனா | 24 ஜூலை 2025

குமரன் அண்ணா, அதைக் கேக்காம இருந்திருக்கலாம். எத்தனை தடவை திரும்பப் போட்டுப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது.

அப்பத்தான் நாம டச்டவுன் (பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு போறது) போட்டு 7-7 ஆக்கியிருந்தோம். பாதி முடிய அரை நிமிஷம்கூட இல்லை. ஒஹாயோ ஸ்டேட் சும்மா கடிகாரத்தை ஓட விடும்னு எல்லாரும் நினைச்ச நேரம். அவங்க குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் பின்வாங்கினான், நம்ம முன்வரிசை வெறியோட உள்ளே போச்சு. ஸ்கிரீன் பாஸ்னாலே அதுதான் சூழ்ச்சி, எதிராளி வேணும்னே உள்ளே விடுவான். தலைக்கு மேல சின்னதா ஒரு பாஸ், டிரவேயான் ஹென்டர்சன் கையில. அவனுக்கு முன்னாடி அவங்க லைன்காரங்க சாவகாசமா ஓடுறாங்க. 75 யார்டு. நேரா டச்டவுன்.

பாயத் தெரிஞ்ச பையன்கள் இருக்கிற டிஃபென்ஸுக்கு எதிரா ஸ்கிரீன்தான் எப்பவும் மருந்து. பாயற பாதியில "இவன் ஏன் என்னைத் தடுக்கலை?"ன்னு சந்தேகம் வந்து, நின்னு திரும்பறவன்தான் முத்தின ஆளு. சிம்மன்ஸ் இந்த வருஷம் அதைச் செய்யறானான்னு பாக்கக் காத்திருக்கேன். பத்து சாக் எனக்கு வேணாம், அப்படி நாலு ஸ்கிரீனை மோப்பம் பிடிச்சாப் போதும்.

---

கொலம்பஸ்காரன் | 31 ஆகஸ்ட் 2025

14-7. எங்க கொலம்பஸுக்கு வந்தீங்க, தோத்தீங்க. ஆனா நேத்து ஸ்டேடியத்துல இருந்தேன், ஒண்ணு சொல்லியே ஆகணும். உங்க டிஃபென்ஸ் எங்களை மூச்சு விட விடலை. மொத்தமே 203 யார்டு. நடப்பு சாம்பியன், சொந்த மைதானம், 203 யார்டு! கார்னெல் டேட்டுக்குப் போன அந்த 40 யார்டு டச்டவுன் மட்டும் இல்லேன்னா கதை வேற.

---

பர்ன்ட்ஆரஞ்சு_பாலா | 31 ஆகஸ்ட் 2025

நாம 336 யார்டு எடுத்துத் தோத்தோம். ஆஃபென்ஸைப் பத்திப் பேச இந்த இழையில எனக்கே நான் தடை போட்டிருக்கேன், அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

டிஃபென்ஸ்ல எனக்குப் பிடிச்சது வாங்கின டேக்கிள்கள்தான். துரை கேட்ட கேள்விக்குப் பாதி பதில் நேத்து கிடைச்சுது. ஓட்டத்துல 77 யார்டுதான் விட்டாங்க. நடுவுல யாரும் பறக்கலை, எல்லாரும் நின்னாங்க. அப்புறம் கிரேசன் லிட்டில்டன். டாம்பா பக்கத்துப் பையன், ஃப்ரெஷ்மன். நிக்கல் இடத்துல, அதாவது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பாரன் நின்ன அதே "ஸ்டார்" இடத்துல. ஸ்லாட்ல (ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில) நிக்கிற ரிசீவரையும் (பாஸ் பிடிக்கிறவன்) பிடிக்கணும், ஓட்டம் வந்தா 300 பவுண்டு ஆளையும் மோதணும். இருக்கறதுலேயே மோசமான வேலை. முதல் ஆட்டமே லட்சம் பேர் கத்துற கொலம்பஸ்ல.

---

ஏஜி_செல்வம் | 5 அக்டோபர் 2025

ஃப்ளோரிடா 29, டெக்சஸ் 21. எங்க போச்சு பாறை மாதிரி நின்ன உங்க டிஃபென்ஸ்?

---

டாலஸ்_துரை | 5 அக்டோபர் 2025

டாலஸ் வில்சன்னு ஒரு ஃப்ரெஷ்மன் ரிசீவர், அவனுக்கு முதல் ஆட்டமே இதுதான். 111 யார்டு, ரெண்டு டச்டவுன். இளசுங்க நம்மகிட்ட மட்டுமா இருக்காங்க? ஊர் பேரை வெச்சுக்கிட்டு நம்ம மானத்தை வாங்கிட்டான்.

பாலா, உங்க மெக்டானல்டும் சேர்த்துத்தான் பின்வரிசை. என்ன சொல்றீங்க?

---

ரவுண்ட்ராக்_மீனா | 5 அக்டோபர் 2025

நான் சொல்றேன். ஃப்ளோரிடா குவார்ட்டர்பேக் லேக்வே நேரம் எடுத்து நின்னு போட்டான். கவரேஜ்ல நாலு வினாடி எந்தக் கார்னராலயும் ஒட்டிக்கிட்டே ஓட முடியாது. முன்வரிசை எட்டாத நாள்ல பழி பின்வரிசைக்குப் போகும். அதோட ஆஃபென்ஸ் களத்துல நிக்காததால இவங்களுக்கு ஓய்வே இல்ல. (பாலா, இது விதிமீறல் இல்லை, நான் யாரு பேரையும் சொல்லலை.)

---

புதுசு_கிண்டி2025 | 12 அக்டோபர் 2025

அக்கா! ரூம்மேட்ஸோட டாலஸ் போய் ஓக்லஹோமா ஆட்டம் நேர்ல பாத்துட்டேன்! 23-6! மைதானம் சரி பாதியா ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் ஆரஞ்சு. வெளியே திருவிழாவுல எதையெடுத்தாலும் எண்ணெய்ல பொரிச்சுக் கொடுக்குறாங்க.

நீங்க சொன்ன மாதிரி பாலைப் பாக்காம லைன்பேக்கரைப் பாத்தேன். பாதி நேரம் ஒண்ணும் புரியலை, ஆனா மூணாவது குவார்ட்டர்ல ஒரு விஷயம் கவனிச்சேன். அவங்க குவார்ட்டர்பேக் மட்டீர் பின்வாங்கும்போது நம்ம எட்ஜ் ஆளு நேரா பாயலை. ரெண்டு அடி வெச்சுட்டு அங்கேயே நின்னான். மட்டீர் அந்தப் பக்கம் ஓடப் பாத்தான், வழி இல்ல, திரும்பி நடுவுல ஓடி மாட்டிக்கிட்டான். பக்கத்துல ஒருத்தர் "ஏன்டா நிக்கிறே, போடா"ன்னு கத்தினாரு. அது தப்பா, சரியா?

---

பர்ன்ட்ஆரஞ்சு_பாலா | 12 அக்டோபர் 2025

சரிதான் தம்பி. நூத்துக்கு நூறு. மட்டீர் காலாலயும் கொல்லக்கூடியவன். அவனுக்கு எதிரா எட்ஜ் வெளியே தாண்டிப் போயிட்டா பின்னாடி ஹைவே திறந்த மாதிரி. அதான் "நில்லு, அவனை உள்ளேயே வை"ன்னு சொல்லி அனுப்புவாங்க. சாக் எண்ணிக்கை குறையும், ஆட்டம் கைக்கு வரும். பாதி முடியும்போது 6-3ன்னு பின்தங்கியிருந்தோம், ரெண்டாம் பாதியில அவங்களுக்கு ஒரு பாயின்ட்கூட கிடைக்கலை. மட்டீர்கிட்ட மூணு இன்டர்செப்ஷன். கை அறுவை சிகிச்சை முடிஞ்சு வந்தவன்தான், அதையும் சொல்லிடணும்.

கத்தின அந்த ஆளு இந்த ஃபோரத்துல இருந்தா தயவுசெய்து இழையை முதல்லேருந்து படிக்கவும்.

---

ஏஜி_செல்வம் | 12 அக்டோபர் 2025

படிச்சாலும் கத்துவாரு. உங்க ஊர் ரசிகர்களை எனக்குத் தெரியாதா?

நவம்பர் கடைசியில நாங்க ஆஸ்டின் வர்றோம். போன வருஷம் காலேஜ் ஸ்டேஷன்ல 17-7. எங்க ஏழு பாயின்ட்டும் வில் லீ இன்டர்செப்ஷன் எடுத்து 93 யார்டு ஓடினதுல வந்தது, உங்க டிஃபென்ஸ் எங்க ஆஃபென்ஸுக்கு ஒரு பாயின்ட்டும் தரலை. அதை நானும் மறக்கலை, எங்க ஆளுங்களும் மறக்கலை.

---

ரவுண்ட்ராக்_மீனா | 12 அக்டோபர் 2025

வாங்க செல்வம், எங்க வீட்லயே சாப்பிட்டுட்டு ஸ்டேடியம் போலாம். மெரூன் சட்டையை மட்டும் கார்லயே கழட்டி வெச்சுட்டு வாங்க, எங்க மாமியார் அதைப் பாத்தாலே உப்பைக் கூட்டிடுவாங்க.

தம்பி, அடுத்த வாரம் கென்டக்கி. லிட்டில்டனை மட்டும் நாலு சீரிஸ் (எதிராளி கையில பந்து வர்ற ஒவ்வொரு முறையும் ஒரு சீரிஸ்) பாரு. பாஸ் எங்க போனாலும் சரி, அவனை விட்டுக் கண்ணை எடுக்காதே. ராத்திரி வந்து இங்க எழுது.